நேராகத் தெரிய வளைத்த கோடு

1. வெயிலில் நிறுத்திய கார்

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஆலையின் பின்வாசலில் காரை வெயிலுக்குத் தள்ளி நிறுத்தியதும் நான் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தேன்.

சொகுசு செடான் கார். முன்பம்பருக்குக் கீழே லிப், இரண்டு பக்கமும் கதவுகளுக்கு அடியில் சைடு ஸ்கர்ட், பின்னால் டிஃப்யூசர், டிக்கி மேல் சின்னதாக ஒரு ஸ்பாய்லர். நாங்கள் வரைந்து, களிமண்ணில் செய்து பார்த்து, ஃபைபரில் வார்த்த பாடி கிட் முழுவதும் அன்றுதான் முதன்முதலாகக் காரில் ஏறியிருந்தது. ஷெட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் குறை எதுவும் தெரியவில்லை. வெளியே வந்ததும் சைடு ஸ்கர்ட் நடுவில் தொங்கியது. அத்தனை அழகான கார், சினை எருமை போல வயிறு தள்ளி நின்றது.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை ரிவ்யூ. கார் கம்பெனியின் டிசைன் தலைவர் சென்னையிலிருந்து வருகிறார். அவர் தலையாட்டினால் எங்கள் கிட் ஷோரூமிலேயே காரோடு சேர்த்து விற்கப்படும். இல்லையென்றால் ஸ்டைலிங் வேலை வெளிநாட்டு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். அவர்கள் அனுப்பும் டிராயிங்குக்குப் பார்ட்ஸ் வார்ப்பது மட்டும்தான் எங்களுக்கு. அப்புறம் ஸ்டைலிங் செக்‌ஷன் எதற்கு என்று முதலாளி முன்பே கேட்டிருந்தார். செக்‌ஷன் என்றால் நானும் இன்னும் மூன்று பேரும். காரிமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து வந்து நான் கட்டி எழுப்பிய செக்‌ஷன் அது. அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் வாங்கி மாட்டும் கிட், ‘என்னைப் பார்’ என்று கத்தலாம். வாங்குகிறவருக்கும் அதுதான் வேண்டும். கம்பெனியே மாட்டித் தரும் கிட் அப்படி இருக்கக் கூடாது. அது காரோடு பிறந்ததாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் தொங்கினாலும் ஒட்ட வைத்தது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

2. அந்தோணியண்ணன் பைக்குள் நூல்

களிமண் மாடலில் அந்தக் கோடு தொங்கவில்லை. மாடலை ஸ்கேன் செய்து, அந்த அளவில்தான் மாஸ்டர், அதாவது அச்சு எடுப்பதற்கான மூல வடிவம், வெட்டி வந்தது. அதிலும் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் போன இடம், அச்சு செய்யும் டூல் ரூம் ஒன்றுதான். நேரே அங்கே போனேன்.

டூல் ரூமுக்குப் பொறுப்பு அந்தோணியண்ணன். பொம்மிடியிலிருந்து வருகிறவர். இள வயதில் கொத்தனார்களோடு கட்டட வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நைலான் நூல்கண்டு இருக்கும். எந்த மாஸ்டர் வந்தாலும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூலைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அச்சு எடுப்பார். அவர் கையிலிருந்து போன பார்ட் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

“அண்ணே, ஸ்கர்ட் மாஸ்டர்ல கை வெச்சீங்களா?”

“ஆமாங்க மேடம். நடுவுல முதுகு தூக்கியிருந்திச்சு. அன்னிக்கி கரண்ட் போயி ஏசி நின்னுச்சு இல்லீங்களா, களிமண்ணு எளகி உப்பிருச்சுன்னு நெனச்சேங்க. அத அப்படியே ஸ்கேன் பண்ணிட்டாங்க போலன்னு தேச்சு நேர் பண்ணிட்டன். உங்களுக்கு இருந்த வேலையில எதுக்குத் தொந்தரவுன்னு நானே முடிச்சிட்டங்க.”

முகத்தில் அத்தனை திருப்தி. உதவி செய்த சந்தோஷம். எனக்கு வந்த கோபத்தில் அந்த நூலாலேயே அவரைக் கட்டிப் போட்டிருப்பேன்.

“அது உப்புனது இல்லீங்கண்ணே. வேணும்னே வளைச்சது.”

“வேணும்னேவா? கோணலா யாருங்க வேணும்னே பண்ணுவாங்க?”

சத்தம் கேட்டு ஜி.எம். வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்கர்ட் மேல் புட்டி பூசி, வளைவைத் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றேன்.

“ஏம்மா தேவகி, அர வெரல் கனம். இத யாரு பாக்கப் போறாங்க? பிரிச்சு மேஞ்சு, பெயிண்ட் காயலைன்னா ரெண்டும் கெட்டானா நிக்கும். இருக்கறதக் காட்டிட்டுப் போயிருவோம்.”

“சார், தொங்கறதக் காட்டுனாலும் செக்‌ஷன மூடுவாங்க. காயாததக் காட்டுனாலும் மூடுவாங்க. செஞ்சு பாத்துட்டே மூடிக்கட்டுமே.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

3. இரண்டு பக்கமும் டேப்

ஆனால் அந்தோணியண்ணன் கை இல்லாமல் அந்த வேலை நடக்காது. அவர் மனசு ஒப்பாமல் அவர் கை ஒப்பாது. ஆகவே கறுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். ஸ்டைலிங்கில் கோடு போட்டுப் பார்க்க நாங்கள் பேனாவைவிட அதைத்தான் நம்புவோம். இடது பக்கக் கதவுகளின் அடியில் அவருடைய நூலையே பிடித்து, அதன்படி நேராக ஒரு டேப் ஒட்டினேன். வலது பக்கம் என் கண் சொன்னபடி நடுவில் லேசாகத் தூக்கி ஒட்டினேன். அந்தோணியண்ணனையும் ஜி.எம்.மையும் காம்பவுண்டு சுவர் ஓரமாக நிற்க வைத்து, செக்‌ஷன் ஆட்களிடம் காரைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னேன்.

“எதுண்ணே நேரா இருக்குது?”

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கிட்டே வந்தார், தள்ளிப் போனார். “சோத்தாங்கை பக்கம்தாங்க. இந்தப் பக்கம் தொங்குது.”

“இப்ப அங்க நூலப் போடுங்க.”

வலது பக்கம் நூலைப் பிடித்தார். நடுவில் டேப் நூலைவிட்டு மேலே ஏறி நின்றது. நூலை எடுத்து உதறி மறுபடி பிடித்தார். மறுபடியும் அப்படியேதான் இருந்தது. நூலைக் கண்டில் சுற்றிக்கொண்டே டேப்பைப் பார்த்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

“அண்ணே, மேல கூரை வில்லு மாதிரி வளைஞ்சிருக்குது. கண்ணாடி ஓரமும் வளைஞ்சிருக்குது. அதுங்களுக்குக் கீழ நேர்கோடு போட்டா கண்ணுக்குத் தொங்கும். நூலு பொய் சொல்லலீங்க. ஆனா கார் வாங்கறவரு நூலோட வர மாட்டாரு.”

ஜி.எம். சிரித்துவிட்டார். அந்தோணியண்ணன் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்தார். “புட்டி எங்கங்க இருக்குது?”

புதன்கிழமை முழுக்க அதே வேலை. அலுமினியப் பட்டியை வளைத்து கைடு வைத்தோம். புட்டி பூசி, நீளக் கட்டையில் எமரி ஷீட் சுற்றித் தேய்த்தோம். ஷெட்டு வெளிச்சத்தை இனி நம்புவதாக இல்லை; ஒவ்வொரு தடவையும் காரை வெயிலுக்குத் தள்ளிப் பார்த்தோம். “இன்னும் கொஞ்சம்,” என்பேன். மறுபேச்சு இல்லாமல் தேய்ப்பார். பொழுது சாய்வதற்குள் ஸ்கர்ட் இரண்டும் பெயிண்ட் பூத்துக்குள் போயின. மறுநாள் காலையில் விரல் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

4. ரிவ்யூ

டிசைன் தலைவர் அதிகம் பேசாத மனிதர். காரை இரண்டு சுற்று வந்தார். லிப்பை விரலால் தடவினார். டிஃப்யூசரில் ஒரு விளிம்பு கூர்மையாக இருக்கிறது, மழுக்குங்கள் என்றார். பிறகு பின்சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்கர்ட்டை முன்சக்கரம் வரைக்கும் பார்த்தார்.

“சைடு லைன் எவ்ளோ நேரா போகுது பாருங்க,” என்றார் கூட வந்தவர்களிடம். “நம்ம ஸ்டுடியோவுலயே இவ்ளோ சுத்தமா வராது. யாரு டூல் ரூம்?”

அந்தோணியண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்தார். “நாந்தானுங்க.”

“சூப்பர். ஒரு கோணல் இல்ல.”

ஜி.எம். அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தோணியண்ணன் கை மட்டும் தன்னால் சட்டைப் பைக்குப் போய், நூல்கண்டை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளியது.

கிட் தேறியது. செக்‌ஷன் நின்றது. இப்போது எங்கள் செக்‌ஷனில் ஆறு பேர்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வளைத்தது எதற்கு என்று வாயைத் திறந்து சொல்லாமல் எந்த மாடலையும் டூல் ரூமுக்கு அனுப்பாதீர்கள். நன்றாக வேலை தெரிந்தவர்தான் அதை நிமிர்த்திவிடுவார்; தெரியாதவர் அப்படியே விட்டுவிடுவார்.

அந்தோணியண்ணன் நூலை விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் கோணல் கண்ணில் பட்டால் இப்போதெல்லாம் எமரி ஷீட்டை எடுப்பதற்கு முன் எனக்கு போன் வந்துவிடுகிறது.

“மேடம், இங்க ஒண்ணு கோணலா இருக்குதுங்க. வேணும்னு பண்ணுனதுங்களா, தப்பா வந்துருச்சுங்களா?”

பாதி நேரம் வேண்டுமென்று செய்தது. மீதி நேரம் நாங்கள் செய்த தப்பு.