நூற்றுப் பதினெட்டு கிலோவும் நாலு பிஸ்டன் பிரேக்கும்

அறுபது கிலோ எடை உள்ளவனிடம் உலகத்தின் எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரே மருந்து இருக்கிறது. முட்டி வலிக்கிறதா, வெயிட்டைக் குறை. தூக்கம் வரவில்லையா, வெயிட்டைக் குறை. சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லையா, அதற்கும் வெயிட்டைக் குறை. எங்கள் சைக்கிள் குழுவின் கேப்டன் பிரசன்னா அப்படிப்பட்ட ஒரு அறுபது கிலோ. அவன் இந்த உபதேசத்தைச் செய்யாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் யாருக்காக அவன் அதைச் சொன்னானோ அந்த எட்மண்ட், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டிச் சிரிப்பான்.

எட்மண்ட் என் தங்கை ஞானகுமாரியின் கணவன். பள்ளியில் நானும் அவனும் ஒரே வகுப்பு. அதனால் எங்களுக்குள் வாங்க, போங்க எல்லாம் கிடையாது. அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மாப்ளே. கள்ளிக்குப்பத்தில் வீடு. மண்ணூர்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் சரக்கு அனுப்பும் வேலை. எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. பத்தாம் வகுப்பிலேயே அவனுக்குப் பின்னால் உட்கார்ந்த எனக்குக் கரும்பலகை பாதிதான் தெரியும். ஷேர் ஆட்டோவில் அவன் ஏறினால் டிரைவர் முன்னாலேயே சொல்லிவிடுவான், "அண்ணாத்தே, நடுவுல குந்து, வண்டி ஒரு பக்கமா சாயுது." கல்யாண மண்டபத்தில் அவன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத்தான் உட்காருவான். இரண்டாவது நாற்காலியை அவனே போய் எடுத்து வருவான். சுற்றியிருப்பவர்கள் சிரித்தால் அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் முட்டி வீங்கியது. சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கவில்லை. அவ்வளவுதான், ஆள் சைக்கிள் பைத்தியமாகிவிட்டான். தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் ஒன்றை வாங்கி, விடிவதற்குள் ஏரிக்கரையைச் சுற்றிவிட்டு வருவான். அவன் உடம்பு அவன் சொன்னதைக் கேட்டது அந்த ஒரு மணி நேரம்தான் என்று என் தங்கை சொல்வாள்.

மலை சைக்கிள் சரி, மலைக்கு எங்கே போவது? அம்பத்தூர் பக்கம் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதனால் எங்கள் குழு வருஷத்துக்கு ஒரு முறை ஏலகிரிக்குப் போகும். வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார்கள், சைக்கிளில் உட்கார்ந்து கீழே உருண்டு வருவார்கள். ஏற வேன், இறங்க சைக்கிள், இதற்குப் பெயர் மலைப் பயணமாம். கீழே வந்ததும் கையைத் தூக்கிப் போட்டோ வேறு.

போன வருஷம் எட்மண்டும் போனான். அவன் சைக்கிளில் இருந்தது, வாங்கும்போதே வந்த, சக்கரத்தில் உள்ள தட்டைக் கம்பி இழுத்துப் பிடிக்கும் கேபிள் டிஸ்க் பிரேக். நாலைந்து வளைவுக்குள் டிஸ்க் கொதித்துப்போய், பிரேக் நெம்புகோல் கைப்பிடியில் வந்து ஒட்டிக்கொண்டது. ஷூவைத் தரையில் தேய்த்துத் தேய்த்து எப்படியோ நின்றான். ஷூவின் அடிப்பாகம் கிழிந்து தொங்க, கைப்பிடிச் சுவரில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவனைப் பிரசன்னா வீடியோ எடுத்தான். 'லாரிக்கு சைக்கிள் பிரேக் போதுமா?' என்று தலைப்புப் போட்டுக் குழுவில் விட்டான். எட்மண்ட் பைகளோடு பையாக வேனில் மலை இறங்கினான். அந்த வீடியோ எங்கள் மாதா கோயில் பங்கு மக்கள் கைக்கும் வந்தது, அவன் மகள் ரியாவின் வகுப்புக்கும் போனது. ரியா அவனைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வாள்.

அன்றைக்குத்தான் அவன் என்னிடம் சொன்னான். "மச்சான், அடுத்த வருஷம் நானே ஓட்டிகினு கீழ வரணும். அப்பவும் வேன்ல எறங்குனேன்னு வெச்சிக்கோ, சைக்கிள வித்துட்டு சும்மா கெடப்பேன்."

பிரேக் வாங்கக் கிளம்பினோம். பெரிய கடை ஒன்றில் விற்பனைப் பையன் முதலில் அவன் வயிற்றைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், அப்புறம் என்னிடம் கேட்டான், "சாருக்கா?" இருப்பதிலேயே விலை உயர்ந்ததை எடுத்து வைத்தான். எதற்கு இது நல்லது என்று கேட்டால், "வெயிட் ரொம்பக் கம்மி சார், பிரேக்கே நூறு கிராம் கொறையும்" என்றான். நூற்றுப் பதினெட்டு கிலோ ஆளிடம் நூறு கிராமைக் காட்டி விற்கிறான். இவனையெல்லாம் யார் வேலைக்கு வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

குழுவில் கேட்டபோது ஆளாளுக்கு மூக்கை நுழைத்தார்கள். ஒருத்தன் டயர் காற்றைக் குறைக்கச் சொன்னான். ஒருத்தன் தன் பழைய பிரேக்கை இவன் தலையில் கட்டப் பார்த்தான். பிரசன்னா நீளமாக ஒரு செய்தி போட்டான். "ப்ரோ, பெஸ்ட் அப்கிரேட் டயட்தான்." அதற்கு இருபது பேர் கைதட்டல் பொம்மை போட்டிருந்தார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

கடைசியில் எட்மண்ட் தானே வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கினான்.

"இன்னா மச்சான், நீயே சொல்லு. பிரசன்னாவும் நானும் ஒரே ஸ்பீடுல வர்றோம். நிக்கறதுக்கு அவனவிட எனக்கு ரெண்டு மடங்கு சூடு ஆவும். அந்தச் சூடு எங்கனா போவணும்ல? சின்னக் கல்லு டக்குனு காஞ்சிடும், பெரிய கல்லு மெதுவாத்தான் காயும். அதான் பெரிய டிஸ்க்கு."

"பெரிய டிஸ்க் போட்டா போதுமா?"

"பத்தாது. கேபிள் வேணாம், ஆயில் பிரேக்கு. டிஸ்க்கக் கவ்விப் புடிக்கற பேட ரெண்டு பிஸ்டன் அமுக்கறதுக்குப் பதிலா நாலு அமுக்கணும். பேடும் மெட்டல் பேடு. கொஞ்சம் சத்தம் போடும், ஆனா சூட்டுல வழுக்காது."

முன்சக்கரக் கவை எவ்வளவு பெரிய டிஸ்க்கைத் தாங்கும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தான். ஒரு வார்த்தைகூட உளறல் இல்லை. குழுவில் இருக்கும் எவனுக்கும் அதில் பாதி தெரியாது.

கள்ளிக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வேம்புலி ஒரு மதியம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே அதை மாட்டிக் கொடுத்தான். "இன்னாத்துக்கு நைனா இவ்ளோ பெரிய தட்டு, இதுல சோறா துன்னப் போற?" என்று அவன் பங்குக்கு அவனும் கேட்டுவிட்டான். மாட்டியதிலிருந்து எட்மண்ட் அந்த டிஸ்க்கைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான். கையில் இருக்கும் பிசுக்குப் பட்டாலே பேட் கெட்டுவிடுமாம். ரியா ஒரு நாள் பளபளப்பைப் பார்த்து விரலை வைக்கப் போக, வாழ்க்கையில் முதல் முறையாக அவளை அதட்டினான். மேம்பாலத்தில் வேகமாக இறங்கி, மெதுவாகப் பிடித்து, மறுபடி இறங்கி, புதுப் பேடை டிஸ்க்குக்குப் பழக்கினான். நான் கூடவே போய்ப் பார்த்தேன். பாலத்தின் அடியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. இரண்டே விரலால் பிடித்தான், சைக்கிள் அப்படியே நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேனில் ஏறும்வரை பிரசன்னாவின் முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஏலகிரி. மேலே போய் இறங்கியதும் பிரசன்னா அவன் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே ப்ரோ, செம செலவு. ஆனா பிசிக்ஸ்னு ஒண்ணு இருக்கு" என்றான். எட்மண்ட் சிரித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினேன்.

முதல் வளைவுக்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. பன்றியை அறுப்பது போன்ற ஒரு கிறீச்சல். எனக்கு முன்னால் போன எட்மண்ட் இரண்டு பிரேக்கையும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தான், விரல்கள் வெளுத்திருந்தது பின்னாலிருந்தே தெரிந்தது. சைக்கிள் நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண்மேட்டில் திருப்பி மோதினான், அந்த மட்டும் புத்தி வேலை செய்தது. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். உயிர் பிழைத்தான்.

சைக்கிளைத் தூக்கக் குனிந்தேன். டிஸ்க்கிலிருந்து ஆவி வந்தது. கூடவே ஒரு வாசனை. தேங்காய் எண்ணெய் கருகிய வாசனை.

"மாப்ளே, இதுல இன்னாடா பூசுன?"

அவன் முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் மறுபடியும் கேட்டேன்.

"மாதா எண்ணெ" என்றான்.

வேளாங்கண்ணியிலிருந்து ஞானகுமாரி கொண்டுவந்த எண்ணெய். எங்கள் எல்லார் வீட்டிலும் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டிலில் இருக்கும். தலை வலித்தால் நெற்றியில், முட்டி வலித்தால் முட்டியில், எங்கே நோவோ அங்கே சிலுவை போட்டுப் பூசிக்கொள்வோம். இவனுக்கு நோவு எங்கே இருந்தது? பிரேக்கில். கிளம்பும்போது, வழியனுப்ப வீட்டில் எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், முன் டிஸ்க்கில் ஒரு சிலுவை, பின் டிஸ்க்கில் ஒரு சிலுவை. ரியாவின் விரல் படக் கூடாது என்று அதட்டிய அதே ஆள். படித்ததெல்லாம் எங்கே போனது என்று எனக்கு வாயில் அசிங்க அசிங்கமாக வந்தது.

"பயமா கீது மச்சான்னு உன்னாண்ட சொல்ல முடியல" என்றான். "மாதாவாண்ட சொன்னேன்."

எண்ணெய் குடித்த பேடைத் துடைத்து ஒன்றும் செய்ய முடியாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும். அதற்குள் பிரசன்னாவும் மற்றவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். பிரசன்னா முழங்காலைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். "நான் அப்பவே சொன்னேன்ல ப்ரோ. எவ்ளோ பெரிய பிரேக் போட்டாலும் உங்க வெயிட்டுக்கு நிக்காது."

நான் வாயைத் திறந்தேன். எட்மண்ட் என் மணிக்கட்டைப் பிடித்தான், அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது. "வேணாம் மச்சான்" என்று காதோடு சொன்னான். "மாதா எண்ணெ போட்டா பிரேக்கு புடிக்காதுன்னு இவன் வீடியோ போடுவான். என்னியப் பத்தி இன்னா வேணா போட்டுக்கட்டும். நீ குரூப்புல ஒண்ணும் சொல்லாத." பிறகு பிரசன்னாவைப் பார்த்து, "ஆமா பிரசன்னா, கொறைக்கணும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான்.

நான் குழுவில் சொல்லவில்லை. இது குழு இல்லை, அதனால் எழுதுகிறேன். மறுநாளே பிரசன்னா ஒரு புது விதி போட்டான். நூறு கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்குப் பாதுகாப்புக் கருதி இனி மலைப் பயணம் கிடையாது. அதற்கு முதலில் கட்டைவிரல் தூக்கியவன் எட்மண்ட். பேட் மாற்றித் தருகிறேன், நாம் இரண்டு பேர் மட்டும் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "சொன்னது சொன்னதுதான் மச்சான்" என்றான்.

பேடை மட்டும் மாற்றி வைத்தான், வாங்குகிறவன் விழக் கூடாது என்று. சைக்கிளை வாங்க அண்ணனூரிலிருந்து ஒருவர் வந்தார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பிரேக்கைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தார்.

"சூப்பரா நிக்குது சார். இவ்ளோ நல்ல பிரேக்கப் போட்டுட்டு ஏன் விக்கறீங்க?"

ரியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். எட்மண்ட் அவளைப் பார்த்தான். எண்ணெயைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பெண் அப்பாவை வேறு மாதிரி பார்த்திருப்பாள். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் வெயிட்டுக்கு எதுவும் தாங்காது சார்" என்றான்.

ரியா தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.