காதால் பார்த்த நடுவர்

நடைப் போட்டியின் விதி இது: ஒரு கால் எப்போதும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், தொட்டதா இல்லையா என்பதை நடுவர் தம் வெறுங்கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். நடந்தவரிடமே விசாரித்துத் தீர்மானிக்கலாம் என்று எங்கும் இல்லை.

ஜெர்மனியின் ஹம் நகரத்து விளையாட்டுக் கழகம் ஒன்றுக்கு இது தெரியாது. தொப்பிகளைப் பற்றி மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சனங்கள் காசு கொடுத்து மண்டபத்துக்குள் புகுந்து, ஆட்கள் நாட்கணக்கில் வட்டமடித்து நடப்பதைப் பார்த்தார்களாம். தன் ஆண்டு விழாவுக்குக் கழகம் அந்த வேடிக்கைக்கு உயிர் கொடுத்தது. நாட்கணக்கில் நடக்க ஆள் கிடைக்காததால் ஒரு பகலாகச் சுருக்கினார்கள். நடுவர்கள் நெடுந்தொப்பி வைத்து மீசை ஒட்டியிருந்தார்கள். ஒருவருடைய மீசை பியருக்குள் விழுந்தது. வெல்பவர், தவக்காலம் தொடங்குமுன் வரும் கார்னிவல் ஞாயிறன்று வுப்பர்டால் நகரில் இறுதிப் போட்டிக்குப் போகலாம்.

எங்கள் தெருவில் இருக்கும் மன்னார்ப் பெண் ஒருவர் அதில் இறங்கினார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. வுப்பர்டாலுக்குப் போயே தீருவது என்று கோடை முழுக்கக் கால்வாய்க் கரையில் நடந்து பழகியிருந்தார். மதியத்துக்குப் பிறகு அவரே முன்னால்.

"அக்கா, விடாதேங்கோ! பின்னாலை வாறவருக்கு நாக்குத் தள்ளுது!" என்று கத்தினாள் அவரோடு வேலை செய்பவள்.

"நீ கத்துறதிலைதான் எனக்கு மூச்சு வாங்குது. சும்மா இரடி!"

அவர்தான் முதலில் முடித்தார். இரண்டாவதாக வந்த கழகப் பொருளாளர், அந்தப் பெண் ஓடினார் என்று புகார் சொன்னார். தலைமை நடுவர் எதையும் பார்த்திருக்கவில்லை. பியர் வாங்கப் போயிருந்தார். ஆகவே அந்தப் பெண்ணிடமே ஜெர்மனில் கேட்டார்: "நீங்கள் லௌஃபன் செய்தீர்களா?"

"ஆம், முழுத் தூரமும் லௌஃபன்தான்" என்றார் அவர் பெருமையாக. தகுதி நீக்கம்.

"ஏன் ஓம் எண்டனீர்?" என்று கேட்டேன்.

"அண்ணை, இல்லத்திலை தள்ளுவண்டி பிடிச்சு நடக்கிற கிழவரைக்கூட 'வாங்கோ, லௌஃபன்' எண்டுதானே கூட்டிக்கொண்டு போறம்? அவையள் என்ன, ஓடுகினமே?"

ஜெர்மனில் அந்தச் சொல் ஓட்டத்துக்கும் பொருந்தும், நடைக்கும் பொருந்தும். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த நடுவருக்கு அதை நாங்கள் இருவரும் விளக்க வேண்டியிருந்தது. விளக்கியும் தொப்பியைத் தாண்டி உள்ளே போகவில்லை.

நான் அரசு அலுவலகங்களில் மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவன். ஆட்சேபம் எழுதுவது எனக்குப் பல் விளக்குவது மாதிரி. அன்று மாலையே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். குழு கூடித்தான் முடிவெடுக்கும் என்றார்கள். குழு கூடத் தயாரானபோது தலைவர் விடுமுறையில். தலைவர் திரும்பியபோது குழு விடுமுறையில்.

"வுப்பர்டாலுக்கு ரிக்கெற் எடுக்கட்டோ, அண்ணை?" என்று அந்தப் பெண் வீதியில் கண்ட போதெல்லாம் கேட்டார். பொறும், பொறும் என்றே சொல்லி வந்தேன். அவருடைய இடத்தில் பொருளாளர் போய்த் தோற்றுவிட்டு வந்தார்.

பிறகு பதில் வந்தது. அந்தப் பெண் நடந்தார் என்பதைக் கழகம் ஏற்றுக்கொள்கிறதாம், வெற்றி அவருடையதாம், வுப்பர்டால் போட்டிக்கு மனமார்ந்த வாழ்த்துகளாம். கார்னிவல் முடிந்து, நெற்றியில் சாம்பலோடு மாதா கோயிலிலிருந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். அன்று விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள்.