அண்ணாந்து குடித்தவர்

என் கணவர் எந்தப் பாத்திரத்திலும் உதடு படக் குடித்ததில்லை. டம்ளரை முகத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து, அண்ணாந்து, காப்பியை நூல் பிடித்தாற்போல் தொண்டைக்குள் இறக்குவார். சட்டையில் ஒரு சொட்டு விழாது. மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இதை வேடிக்கை பார்க்கவே வருவார்கள். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் அவருக்குச் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை. அங்கேயும் சொந்த டம்ளரைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். வாய் வைத்துக் குடிப்பவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. நான் வாய் வைத்துக் குடிப்பவள். என் பிறந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தான். அதனால் கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் டம்ளர் தனியாகப் பிரிக்கப்பட்டு, அடுப்படி மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டது. பதினெட்டு வருஷம் அது அங்கேயேதான் இருந்தது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, வலது கை விழுந்துவிட்டது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சமிருந்தது "பா, பா" மட்டும்தான். சொன்னால் பாவம், இருந்தாலும் சொல்கிறேன்: முதல் இரண்டு நாள் வீடு எனக்குச் சுகமாக இருந்தது. அதுவரை அவர் பேசுவார், நான் கேட்பேன். இப்போது நான் பேசினேன், அவர் இடது புருவத்தால் திட்டினார்.

ஆஸ்பத்திரியில் கெட்டிக் கஞ்சிதான் கொடுத்தார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் காப்பி கேட்டார். கேட்டார் என்றால், டம்ளரைக் காட்டினார். கொடுத்தேன். பழைய வழக்கப்படி இடது கையால் உயரத் தூக்கி அண்ணாந்தார். அவ்வளவுதான், புரையேறிக் கண் பிதுங்கிவிட்டது. பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் அவர் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க" என்றார். மறுநாளும் புரையேறியது, அதற்கு மறுநாளும் ஏறியது. தட்டித் தட்டி அவர் உச்சந்தலை சிவந்ததுதான் மிச்சம். இவரை இப்படி விடாமல் நினைக்க மலாயாவில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து கொடுத்த டிரெஸ்ஸரை வரவழைத்தேன். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தண்ணீர் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அம்மா, இவரு குடிக்கிறது வயித்துக்குப் போகல, நெஞ்சுக்குப் போகுது. இந்தக் காய்ச்சல எப்படியாச்சும் எறக்கிடலாம். இன்னொண்ணு வந்தா தாங்க மாட்டாரு."

பிறகு தானே ஒரு டம்ளரை வாங்கி எப்படிக் குடிப்பது என்று காட்டினார். "தலைய மேல தூக்கவே கூடாது. மோவாய நெஞ்சுல ஒட்டி வச்சிக்கணும். டம்ளர்ல உதட்ட வச்சு, கொஞ்சமா உறிஞ்சணும். ஒரு வாய்க்கு ரெண்டு முழுங்கு. தண்ணியா எதுவும் வேணாம். சவ்வரிசி மாவு போட்டுக் கெட்டியாக் காய்ச்சிக் குடுங்க."

காய்ச்சல் இறங்கியது. சவ்வரிசிக் காப்பி காய்ச்சினேன். அதைத் தடவிச் சுவரில் காலண்டர் ஒட்டியிருக்கலாம். ஆனால் அவர் முகம் திருப்பியது பசைக்காக அல்ல, எச்சிலுக்காக. டம்ளர் உதட்டருகே வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார். கரண்டியில் கொடுத்தாலோ தலை தானாக மேலே போனது. நான் மோவாயைப் பிடித்துக் கீழே அழுத்துவேன், அவர் மேலே தூக்குவார். ஒரு வேளைக் காப்பிக்கு ஒரு மணி நேரம் மல்யுத்தம் நடக்கும். காப்பி என் புடவையில்தான் இருக்கும்.

இந்தச் சமயம் பார்த்துக் கிள்ளானிலிருந்து என் நாத்தனார் ரயிலில் வந்து இறங்கினார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. அவர் சொல்லை அந்தக் குடும்பத்தில் யாரும் தட்டியதில்லை. வந்ததும் எங்கள் மல்யுத்தத்தைப் பார்த்தார்.

"ஏண்டி, எப்பேர்ப்பட்ட புள்ள! அவனப் போயி எச்சிப்படக் குடிக்கச் சொல்றியா?"

"டிரெஸ்ஸர் சொன்னாரு அண்ணி."

"அவனுக்கு என்ன தெரியும்?" என்றவர், நான் சமையலறைக்குப் போன நேரத்தில் தம்பியின் தலையை நிமிர்த்தி, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிவிட்டார். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். என் கணவர் முகம் நீலம் பாரித்திருந்தது. குனியவைத்து முதுகில் அடித்து அடித்து மூச்சை மீட்டேன். நாத்தனாரோ உச்சந்தலையைத் தட்டிக்கொண்டே, "நான்தான் ரயில்ல வர்றப்ப பூரா நெனச்சுக்கிட்டு வந்தேன்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்குச் செம்பை எடுத்து வாசலில் வீசினேன்.

நாத்தனார் எழுந்து நின்றார். "நாளைக்கு இவனக் கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போறேன். மானத்தோட வச்சுப் பாத்துக்கிறேன்."

"மானம் இருக்கும் அண்ணி. ஆளு இருக்க மாட்டாரு."

அவர் காதில் வாங்கவே இல்லை. தம்பியின் வேட்டிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை.

அடுப்படிக்குப் போனேன். மூலையில் கவிழ்ந்திருந்த என் டம்ளரை எடுத்து, சவ்வரிசிக் காப்பியை ஊற்றிக் கொண்டுவந்து, அவர் எதிரே உட்கார்ந்தேன். மோவாயை நெஞ்சில் ஒட்டி, உதடு வைத்து, நானே ஒரு வாய் உறிஞ்சினேன். ஒரு முழுங்கு, இன்னொரு முழுங்கு. காப்பி சகிக்கவில்லை. "ஐயோ, ஐயோ" என்று நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டார். கண்ணைப் பொத்த வேண்டிய இடம் அது.

"பாருங்க," என்றேன் கணவரிடம். "எச்சிதான். பதினெட்டு வருஷமா நீங்க சாப்பிட்ட எலயிலதானே நான் சாப்பிடுறேன்? செத்தா போயிட்டேன்? நீங்க போயிட்டா நான் யாரு கூடச் சண்ட போடுறது?"

கடைசி வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. அழுதுவிட்டேன்.

அவர் இடது கையை நீட்டி டம்ளரை வாங்கினார். உடனே குடிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்து மெதுவாகச் சுற்றினார். என் உதடு படாத பக்கத்தைத் தேடுகிறார், இந்த நிலைமையிலும் புத்தி மாறவில்லை பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காப்பி வழிந்து கறையாகியிருந்த பக்கம், நான் வாய் வைத்த பக்கம், அவருக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். எடுத்து, தலையைக் குனிந்து, அங்கேயே உதட்டை வைத்தார்.

ஒரு முழுங்கு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முழுங்கு. இருமல் வரவில்லை.

நாத்தனார் கையில் பாதி மடித்த வேட்டியோடு நின்றிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, பெட்டியிலிருந்த வேட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மறுபடியும் கொடியில் போட்டார்.

"இன்னும் ஒரு வாய் குடிங்க," என்றேன்.

அவர் குடிக்கவில்லை. "பா" என்று சொல்லி, டம்ளரை என் வாய்ப்பக்கம் நீட்டினார்.