பஷீர் பாய் கணக்குக்கு ரெட் கார்டு

வங்கிக் கவுன்ட்டர் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் நம்மை வங்கியாகவே நினைத்துத் திட்டுவார், இந்தப் பக்கம் இருக்கும் மேலாளர் நம்மை வாடிக்கையாளரின் ஆளாக நினைத்துத் திட்டுவார்.

தர்மபுரி மாவட்டத்தில், பொம்மிடி பக்கத்துக் கிளை ஒன்றில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். சொந்த ஊர் நல்லம்பள்ளி. கல்லூரியில் கால்பந்து ஆடினேன், லெஃப்ட் பேக். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. டிவி முன்னால் மட்டும் ஆடுகிறேன். அதை என் வூட்டுக்காரர் "கத்தறது" என்பார். பாஸ்புக் பதியப் போய் சர்வர் இல்லை என்று திரும்பியவர்கள், எதிரே முழுசாக நின்றுகொண்டே "உயிரோடு இருக்கிறேன்" என்று சான்று கொடுத்தவர்கள், கைரேகை விழவில்லை என்று விரலை மண்டையில் தேய்த்துத் தேய்த்து மறுபடி வைத்தவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வங்கியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

டீம் பிளேயர்

எங்கள் மேலாளர் சேலத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர், தினமும் ரயிலில் வந்து போகிறார். நல்ல மனுஷன்தான். காலாண்டு முடிவு நெருங்கினால் மட்டும் ஆள் மாறிவிடுவார். கதவு திறக்கும் முன்பே எங்களை வரிசையாக நிற்க வைத்து, "இன்ஷூரன்ஸ் டார்கெட் அப்படியே கெடக்கு, எல்லாரும் டீம் பிளேயரா இருக்கணும்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீம் பிளேயர் என்றால் யார் தெரியுமா? எங்கள் கல்லூரி அணியில் பாப்பாரப்பட்டிக்காரி ஒருத்தி இருந்தாள், டிஃபன்ஸில் நடுவில் நிற்பாள். அவள் கோல் அடித்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் எவளாவது பந்தைக் கோட்டைவிட்டால், அந்த இடத்தில் அவள் முன்கூட்டியே வந்து நிற்பாள். ஆட்டம் முடிந்து யாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கோல் அடித்தவளைத்தான் தூக்கினோம். டீம் பிளேயர் என்ற பேரை அவளுக்குக் கொடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கறவை மாட்டுக் கடன் கேட்டு வந்தவர் தலையில் அவர் கேட்காத இன்ஷூரன்ஸைக் கட்டுவதற்கு அந்தப் பேரா?

ஒரு நாள் அப்படி ஒரு மாட்டுக் கடன்காரர் வந்தார். மேலாளர் தன் அறையிலிருந்து எனக்குக் கண் ஜாடை காட்டினார். நான் அவரிடம், "உங்க உயிருக்கு ஒரு பாலிசி இருக்குதுங்க. கட்டாயம் கிடையாது. வேணுமாங்க?" என்று கேட்டேன். "மாட்டுக்கு இருந்தாப் போதுங்க, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ரொம்ப வருத்தமான குரலில் சொன்னார்: "மேடம், நீங்க ஆட்டம் நல்லாத்தான் ஆடறீங்க. ஆனா எதிர் டீமுக்கு ஆடறீங்க."

சட்டை தைத்தவர் குற்றவாளி

பஷீர் பாய் பொம்மிடி கடைவீதியில் ஜெர்சி தைப்பவர். கால்பந்து, கபடி, வாலிபால் எதுவானாலும் எண் போட்டு, பேர் போட்டுத் தைத்துக் கொடுப்பார். தைப்பதற்குப் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் பொங்கலுக்கு ஊருக்கு ஊர் போட்டி நடத்துவார்கள்; அதற்கு முந்தைய மாசம்தான் அவருடைய அறுவடை. அந்த ஒரு சீசன் வருமானத்தில்தான் வருஷம் ஓடுகிறது. நானும் அவரும் சந்தித்தால் வரவு செலவு பேச மாட்டோம், முந்தைய ராத்திரி ஆட்டத்தைப் பேசுவோம். பெரிய நட்சத்திரம் ஒருவனைப் பற்றி, "பந்து வரலைன்னா கைய விரிச்சுக் காட்டறான் பாருங்க மேடம், அவனெல்லாம் என்ன ஆளு!" என்று அவர் பொருமுவார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

டிசம்பரில் ஒரு காலை முகம் வெளுத்து வந்து நின்றார். திருப்பூருக்குத் துணி வாங்கக் காசு அனுப்பப் பார்த்திருக்கிறார், போகவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தேன், மொத்தமும் முடக்கம். விசாரித்தால் விஷயம் இதுதான்: யாரோ ஒருவன் போனில் ஜெர்சி ஆர்டர் கொடுத்து, ஆன்லைனில் காசு போட்டு, பார்சலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அந்தக் காசு வேறொரு மாநிலத்தில் எவரையோ ஏமாற்றிப் பிடுங்கியதாம். அந்த ஊர் சைபர் போலீஸ் எங்களுக்குத் தகவல் அனுப்பியிருந்தது. அதை நான் படித்தேன். அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வை என்றுதான் அதில் இருந்தது. எங்கள் கிளையில் கணக்கையே முடக்கிவிட்டார்கள். ஏன் என்று மேலாளரைக் கேட்டால், "சேஃப்டிக்கு" என்கிறார்.

யாருடைய சேஃப்டிக்கு? ஃபவுல் செய்தவன் மைதானத்தை விட்டே ஓடிவிட்டான். வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்தவருக்கு ரெட் கார்டு. இது என்ன நியாயம்? பஷீர் பாய் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டுத்தான் சட்டை தெக்கணும்னா, இந்தக் கடைவீதில யாரு மேடம் கடை தொறக்கறது?"

பேக் பாஸ்

முன்பெல்லாம் கால்பந்தில் ஒரு அக்கிரமம் நடக்கும். முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன் கோல்கீப்பருக்கே திருப்பித் தட்டும். அவர் கையில் எடுத்து, நிதானமாகப் பக்கத்தில் இருப்பவனுக்கு உருட்டுவார். அவன் மறுபடி அவருக்கே தட்டுவான். பார்க்க வந்தவன் தலையில் அடித்துக்கொள்வான். பிறகுதான் சட்டம் போட்டார்கள்: தன் ஆள் காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது. அன்றைக்குப் பிடித்தது ஆட்டத்துக்கு உயிர். வங்கிக்கு எத்தனையோ சட்டம் போடுகிறார்களே, இந்த ஒரு சட்டத்தைப் போடக் கூடாதா?

பஷீர் பாய்க்காக நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மேலாளர், "வட்டார அலுவலகம் சொல்லாம நான் கைய வைக்க முடியாது" என்றார். வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டேன். தலைமை அலுவலகத்தில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறதாம், அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே போட்டேன். போலீஸ் எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம் என்றார்கள். பஷீர் பாய், இந்தி தெரிந்த மருமகனைக் கூட்டி வந்து என் எதிரிலேயே அந்த மாநில போலீஸுக்குப் போன் போட வைத்தார். அவர்கள், "நாங்க அந்தத் தொகையை மட்டும்தானே நிறுத்தச் சொன்னோம், மீதியை நிறுத்தினது உங்க பேங்க்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

நான் மறுபடி தலைமை அலுவலகத்துக்கே போட்டு, போலீஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த அம்மா கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "மேடம், இந்த முடக்கம் உங்க கிளைல போட்டது. உங்க மேலாளரைக் கேளுங்க."

ஒரு நாள் வட்டி

இதற்கிடையில் முருகேசன் அண்ணன் நகைக்கடனுக்கு வந்தார். குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறார், ஜவ்வரிசி மில்லில் விலை இல்லை. முன்பெல்லாம் வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு நகையை அப்படியே மாற்றி வைக்கலாம். இப்போது முழு அசலையும் கட்டி மீட்டு, அப்புறம் புதிதாக வைக்க வேண்டும். கடன் புரையோடிப் போகக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அசல் எங்கிருந்து வரும்? டீக்கடைப் பக்கம் இதற்கென்றே ஒருவர் நிற்கிறார். காலையில் கொடுத்து, சாயங்காலம் ஒரு நாள் வட்டியோடு வாங்கிக்கொள்வார். வங்கிக் கடனை அடைக்க அவர், அவரை அடைக்க வங்கி. சட்டம் போட்டவர்கள் ஒரு நாள் வந்து அந்த டீக்கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? விசிலை ஊதிவிட்டால் போதுமா?

எங்கள் கிளை டிவியில் அப்போது கோட்டுப் போட்ட ஒருவர் பொருளாதாரம் வேகமாக வளர்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். கால்பந்தில் சொன்னால், பந்து முழுக்க நம்மிடம்தான் இருக்கிறது, அழகழகாகப் பாஸ் கொடுக்கிறோம், கோல் மட்டும் விழவில்லை, அதைக் கேட்கக் கூடாது. முருகேசன் அண்ணன் டிவியைப் பார்த்துக்கொண்டே மீட்ட நகையை மறுபடி என்னிடம் நீட்டினார். "நாடு நல்லா வளரட்டுங்க மேடம். அதுக்கு ஒரு நாள் வட்டியை நாங்க கட்டிடறோம்."

சேலம் வண்டி

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பஷீர் பாய் கடையில் துணி இல்லை, மெஷின்கள் சும்மா கிடந்தன. ரெண்டு அணிக்காரர்கள் சேலத்துக்குப் போய் ரெடிமேட் வாங்கிவிட்டார்கள். மீதி ஆர்டரும் போனால் அந்த மனுஷனுக்கு வருஷமே போச்சு. நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

வங்கியில் எந்த வேலையும் ஒருவர் கையால் முடியாது. ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் அதை அனுமதிக்க வேண்டும். அனுமதிக்காமல் அந்தரத்தில் ஒரு பதிவு தொங்கினால் அன்றைய நாளையே கணினி மூட விடாது. வேண்டாம் என்றால் நிராகரிக்கலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும், எழுதியவர் பேர் காலத்துக்கும் அங்கே நிற்கும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அன்றைக்குச் சாயங்காலம் நான் உட்கார்ந்து பதிந்தேன்: முழு முடக்கத்தை எடு, போலீஸ் கேட்ட தொகையை மட்டும் நிறுத்து. போலீஸ் தகவலையும் கூடவே இணைத்தேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மேலாளர் அன்றைய நாளைக் கணினியில் மூடப் பார்த்தார், முடியவில்லை. வெளியே வந்து, "மேடம், நீங்களே அதைக் கேன்சல் பண்ணிடுங்க" என்றார். "சரியாத்தான் சார் பதிஞ்சிருக்கேன். தப்புன்னா நீங்க காரணம் எழுதி நிராகரிங்க" என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளையைத் திறக்க இன்றைக்கு மூட வேண்டுமே. பொய் சொல்ல மாட்டேன், வேலைக்கே வேட்டு வைத்துக்கொள்கிறேனோ என்றுகூட இருந்தது. அவர் உள்ளே போய் அந்தப் போலீஸ் தகவலை முதல் வரியிலிருந்து படித்தார். அநேகமாக அன்றைக்குத்தான் முதல் தடவை படித்திருப்பார். சேலம் வண்டி போய்விட்டது. யாருக்கும் திருப்பித் தட்ட முடியாமல், கடைசியில் அனுமதியை அழுத்தினார். பையை மாட்டிக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்தார். "இனிமே உங்களை எந்த டீம்லயும் சேக்க மாட்டேன் மேடம்."

காசு வந்தால் பேசும் பெட்டி

மறுநாள் பஷீர் பாய் வந்தார். முடக்கம் எடுத்தாச்சு, துணிக்கு இனி காசு அனுப்பலாம் என்று சொன்னேன். பெருமூச்சு விட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தைக்கிற பெண்களில் ஒருத்தி, கூலி வரவில்லை என்று பெங்களூர் கார்மென்ட்ஸுக்குக் கிளம்பிவிட்டாளாம். கெட்டிக்காரி, எண் வைத்துத் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இதை எந்தப் பொருளாதாரக் கணக்கில் எழுதுவது என்று டிவிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

பொங்கல் முடிந்ததும் பாய் மறுபடி வந்தார், கணக்கை மூட வேண்டும் என்றார். நிறுத்திய தொகைக்கு முடிவு தெரியும்வரை மூட முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தத் தொகையை விட்டுவிட்டு மிச்சத்தை வழித்து எடுத்துக்கொண்டார். அப்புறம் ஒரு பையிலிருந்து, காசு வந்தால் "இவ்வளவு ரூபாய் வந்தது" என்று சத்தம் போடுமே, அந்தப் பெட்டியை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார். கடையில் இனி ரொக்கம் மட்டும்தானாம். வேண்டாம் பாய், அவசரப்படாதீங்க என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார், கோபமே இல்லை. "நீங்க நல்லா ஆடினீங்க மேடம், அதை மறக்க மாட்டேன். ஆனா சட்டை தெக்கறவன் நானு, உங்க ஆட்டத்துல என்னை ஏன் பந்தா வெச்சீங்க?"

வாடிக்கையாளர்கூட உள்ளே நுழைய முடியாத அளவுக்கு எங்கள் டிஃபன்ஸ் இப்போது பலமாக இருக்கிறது. திருடன் மட்டும் எந்த வழியாக வந்து போகிறான் என்பதுதான் இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை.