கடித்துப் பார்க்காத கிழங்கு

1. பிரிந்து கிடந்த பாத்தி

எட்டு நாள் குளிர்காய்ச்சலில் கிடந்துவிட்டு ஒன்பதாம் நாள் காலை தோட்டத்துக்குள் நுழைந்தேன். கிணற்றோரம் மேடாக இருந்த பனங்கிழங்குப் பாத்தி பிரிந்து தரைமட்டமாகக் கிடந்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அந்த மணலுக்குள் பனங்கொட்டை மட்டும் இல்லை என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

நர்சரி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். சின்னக் கன்றிலேயே இது இன்ன பனை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்பார்கள். நாற்பது வருஷம் விசிறிப் பனைகளோடு மாரடித்தவன் என்பதால் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அப்போது தண்டையார்பேட்டையில் ஒரு துபாஷ் வீட்டுத் தோட்டத்தில் நான் மேஸ்திரி. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கும் நம் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று காரியம் முடித்துக் கொடுப்பவர் துபாஷ். எங்கள் எஜமானுக்குச் சீட்டாட்டம் கிடையாது, குதிரைப் பந்தயம் கிடையாது. ஃபேன் பாம் என்கிற விசிறிப் பனைப் பைத்தியம் மட்டும் உண்டு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஆட்களை மேய்க்கிற சாரங்குகளிடம் சொல்லி வைத்து விதை வரவழைப்பார். இலங்கைத் தாளிப்பனை, சீனத்து விசிறிப் பனை, மொரீஷியஸ் சிவப்புப் பனை என்று தாழ்வாரம் முழுக்கத் தொட்டிகள். உப்புக்காற்றில் பாதி கருகும். மீதியைக் காப்பாற்றுவதுதான் என் வேலை.

எனக்குக் கீழே வேலன். வியாசர்பாடியிலிருந்து நடந்து வருவான். கிணற்றில் இறைத்து நூற்றுச் சில்லறைத் தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றுவான். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று ஒருமுறை சொன்னால் போதும், மறுமுறை சொல்ல வைக்க மாட்டான். ஐந்து வருஷம் என்னோடு வேலை செய்தான். அந்த ஐந்து வருஷத்தில் அவன் பாத்திரத்தில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

2. பன்னிரண்டு கொட்டை

ஜெர்மன்காரனோடு நடந்த முதல் பெரிய சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மடகாஸ்கர் பக்கம் போய் வந்த கப்பலின் சாரங்கு ஒருவன் பன்னிரண்டு கொட்டைகள் கொண்டுவந்து கொடுத்தான். எலுமிச்சை அளவு, கறுப்பு, மேலெல்லாம் சுருக்கம். வளர்ந்தால் இலை வெள்ளி மாதிரி இருக்குமாம். அதன் புத்தகப் பெயர் யாரோ ஒரு ஜெர்மன் பிரபுவின் பெயர். ஜெர்மன்காரன் குண்டு இந்த ஊர் எண்ணெய்த் தொட்டிகளில் விழுந்ததை எஜமான் மறக்கவில்லை. "அந்தப் பேரு நம்ம தோட்டத்திலே வேணாம்டா. வெள்ளிப் பனைன்னு லேபிள் எழுது" என்றார்.

சாரங்கு போகும்போது இன்னொன்றும் சொன்னான். "நம்ம பனை மாதிரியே இதுவும் கீழ கிழங்கு வைக்கும். ஆனா தின்ன முடியாது. ஒரே கசப்பு."

எஜமான் கொட்டைகளை என் கையில் கொடுத்து, "பன்னெண்டு. பன்னெண்டும் முளைக்கணும். ஒண்ணு போச்சுன்னாலும் உன்னைத்தான் கேப்பேன்" என்றார்.

இந்த ஜாதி விதைகளைத் தொட்டியில் போடக் கூடாது. முளை முதலில் கீழே இறங்கும். தொட்டியின் அடி தட்டினால் அங்கேயே சுருண்டு செத்துவிடும். அதனால் தரையில் போட்டேன். போட்ட இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. பக்கத்துத் தோட்டங்களில் விதைத் திருட்டு அதிகம். ஆகவே கிணற்றோரம் ஒரு சாண் ஆழத்தில் பன்னிரண்டையும் புதைத்து, அதன்மேல் இடுப்பளவு மணல் கொட்டி, மேலே சாதாரணப் பனங்கொட்டைகளைப் பரப்பினேன். பார்க்கிறவனுக்கு வருஷா வருஷம் போடுகிற கிழங்குப் பாத்தி. லேபிள் வைக்கவில்லை. வேலனிடமும் சொல்லவில்லை.

அந்தப் பாத்திக் கிழங்கைப் பொங்கலுக்கு ஆட்கள் பிடுங்கிக்கொள்வது வழக்கம். இந்த வருஷம் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பொங்கலுக்கு முன்னால் நானே மணலை எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் காய்ச்சல் வந்து படுக்கப் போட்டுவிட்டது.

3. சட்டி

வேலனின் தம்பி வேலை பார்த்த பஞ்சாலை மூடிக் கிடந்த மாதம் அது. தம்பி குடும்பமும் வேலன் குடிசைக்கே வந்துவிட்டது. ஒன்பது வயிறு, ஒருவன் சம்பாத்தியம். பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே அவன் பாத்தியைப் பிரித்துக் கிழங்கைக் கொண்டுபோய்விட்டான் என்று காவல்காரன் சொல்லித்தான் தெரிந்தது.

நான் மணலில் மண்டியிட்டு இரண்டு மூன்று இடத்தில் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டவில்லை. மேட்டுக்கு அடியில் தரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே காய்ச்சல் தலையில் பிடிபடவில்லை. இன்னும் ஒரு சாண் தோண்டியிருக்க வேண்டும். அதற்குள் எஜமான் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்னடா தேடறே?"

சொன்னேன். சொல்லும்போதே, பாத்தியைப் பிரித்தவன் வேலன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். லேபிள் வைக்காததையும் அவனிடம் சொல்லாததையும் விட்டுவிட்டேன்.

வேலன் அன்று இன்னும் வேலைக்கு வரவில்லை. எஜமான் காவல்காரனை வியாசர்பாடிக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் வேலன் வந்தான். கையில் ஒரு மண்சட்டி. காவல்காரன்தான் எடுத்துவரச் சொல்லியிருக்கிறான். அதைத் தோட்டத்துக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு நின்றான். உள்ளே நாலு கிழங்கு மிச்சம். கிழங்கோடு வந்த கொட்டைகளை ஏற்கெனவே அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள்.

எஜமான் என்னைப் பார்த்தார். "நீதானே இதுலே கெட்டிக்காரன். பார்த்துச் சொல்லு. இது நம்ம வெள்ளிப் பனையா, வெறும் பனங்கிழங்கா?"

எனக்குத் தெரியவில்லை. வெள்ளிப் பனைக் கிழங்கை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஒரு குச்சியை எடுத்துச் சட்டிக்குள் விட்டுக் கிழங்கைப் புரட்டினேன்.

வேலன் சொன்னான். "மேஸ்திரி, பனங்கிழங்குதான் மேஸ்திரி. பொறந்ததுலேர்ந்து துன்றேன், எனக்குத் தெரியாதா? சந்தேகமா கீதுன்னா ஒரு கடி கடிச்சிப் பாருங்க. தித்திப்பா கீது."

சாரங்கு சொன்ன கசப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு கடி போதும், விஷயம் தீர்ந்துவிடும். எஜமானுக்கும் அது தெரியும். காவல்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். சமையல்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேலன் வீட்டுச் சட்டியில் வெந்ததை எடுத்து நான் வாயில் வைப்பதா? வைத்துவிட்டு அன்று மாலை என் தெருவுக்குள் எப்படிப் போவது?

எஜமான் கேட்டார். "என்ன, பேச்சையே காணோம்? தெரியுமா தெரியாதா?"

"நார் சிவந்திருக்கு எஜமான். நம்ம விதைதான்" என்றேன்.

வேலன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கோபம் இல்லை. நான் ஏதோ தவறிப்போய்ச் சொல்லிவிட்டேன், இப்போது திருத்திக்கொள்வேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் திருத்தவில்லை.

காவல்காரன் அவனை இரண்டு அறை விட்டான். சட்டியைக் காலால் தள்ளினான். எஜமான், "போலீசெல்லாம் வேணாம். இனிமே இந்தத் தெருவிலே இவன் தலையைக் காட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்கம்பக்கத்து பங்களாக்களுக்கும் சொல்லி அனுப்பினார். விதைத் திருடன் என்று பேர் வந்த பிறகு எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்? துறைமுகத்தில் கரி இறக்கப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. அதோடு, என் வேலை தப்பித்தது என்கிற நிம்மதியும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

4. பதினோரு இலை

சித்திரைக் கடைசியில் ஒரு மழை பெய்தது. மூன்றாம் நாள் கிணற்றோரம் போனேன். தரையைக் கீறிக்கொண்டு ஒற்றை இலைகள் நின்றன. கத்தி போல் மடிந்த இலை. பனங்கன்றின் பச்சை அல்ல. செம்மையும் ஊதாவும் கலந்த நிறம். எண்ணினேன், பதினொன்று.

பக்கத்தில் மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஒரு சாண் கீழே கறுப்புக் கொட்டை, சுருக்கம் மாறாமல், நான் வைத்த இடத்திலேயே. வேலன் எடுத்தது மேலே போர்த்திய பனங்கிழங்கை மட்டும்தான். இன்னும் சொல்லப்போனால், அவன் மணல் மேட்டைப் பிரித்ததால்தான் இவை வெளியே வந்தன. நான் கொட்டி வைத்த கனத்தில் விட்டிருந்தால் உள்ளேயே அழுகியிருக்கும்.

பன்னிரண்டாவது கொட்டை முளைவிட்டு, கிழங்கு வைத்து, மேலே வரமுடியாமல் நின்றுபோயிருந்தது. அந்தக் கிழங்கை வீட்டுக்கு எடுத்துப்போய் உப்புப் போட்டு வேகவைத்தேன். கடித்தேன். துப்பிவிட்டு வாயைக் கழுவினேன். சாயங்காலம் வரைக்கும் நாக்கை விட்டுப் போகவில்லை அந்தக் கசப்பு. இதை ஒரு சட்டி வைத்தால் எவ்வளவு பசித்த பிள்ளையும் தின்றிருக்காது. வேலன் வீட்டில் நாலுதான் மிச்சம் இருந்தது.

மறுநாள் எஜமானிடம் போனேன். "எஜமான், பதினொண்ணு முளைச்சிருக்கு. வேலன் எடுக்கலே. நான் அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன்."

"பதினொண்ணா! சபாஷ்!" என்று எழுந்துவிட்டார்.

"வேலனைத் திரும்பக் கூப்பிடலாமா எஜமான்?"

"அதான் வேற ஆள் வந்தாச்சே. அதை விடு. இதுக்கெல்லாம் பெரிய தொட்டி சொல்லணுமே, எத்தனை அடி ஆழம் வேணும்?"

எத்தனை அடி என்று நானும் சொன்னேன்.

5. வியாசர்பாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலனைத் தேடிப் போனேன். கேட்டுக் கேட்டுத்தான் குடிசையைக் கண்டுபிடித்தேன். வேலனுக்குக் கஞ்சி கொண்டு தோட்டத்துக்கு வந்துபோன அவன் மனைவி எல்லம்மா வாசலில் உட்கார்ந்து கரித்துண்டுகளைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

பங்குனியில் வேலன் கப்பலிலிருந்து கரிக்கூடையோடு இறங்கும்போது பலகை வழுக்கிக் கீழே விழுந்திருக்கிறான். கப்பலுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில். தோட்டத்து ஈரத்தில் நடந்து பழகிய கால், அந்தப் பலகை அதற்குப் பழக்கமில்லை.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டையை ஒளித்து வைத்ததை, தெரியாமலே தெரியும் என்று சொன்னதை, இலை வந்ததை. "ஒரு கிழங்கை வேகவெச்சுக் கடிச்சுப் பார்த்தேன் எல்லம்மா. கசக்குது. வேலன் எடுத்தது அது இல்லே" என்றேன்.

அவள் கரியைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"எங்களுக்குத் தெரியாதா அது? நாங்க துன்னோமே" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். அதுவரை என்னை நீங்க என்றே அழைத்தவள். "அன்னிக்குக் கடிச்சிருக்கணும் நீ. இப்போ கடிச்சிட்டு வந்து யார்கிட்ட சொல்லிகினு கீறே?"

திரும்பி நடந்தேன்.

6. கேட்டவர்களுக்கு

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதல் இலையை மட்டும் வைத்து எந்த விசிறிப் பனைக்கும் பேர் சொல்லாதீர்கள், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஐந்தாறு இலை வரட்டும். காம்பின் ஓரத்தில் முள் இருக்கிறதா, காம்பின் அடி தண்டைப் பிடிக்கிற இடத்தில் பிளந்திருக்கிறதா, இலை மேல் சாம்பல் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். விதை மண்ணுக்குள் போகும் அன்றைக்கே லேபிள் வையுங்கள். ஒளித்து வைத்தால், கூட வேலை செய்கிறவனிடமாவது சொல்லுங்கள். முகர்ந்து, தொட்டு, கடித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், அது யார் வீட்டுச் சட்டியில் இருந்தாலும் எடுத்துக் கடியுங்கள்.

அப்படியும் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். அதற்காக வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். நான் அன்றைக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அதிகம் போனால் என் வேலை போயிருக்கும். போனது வேலனின் உயிர்.