போயா நாளில் பாரைத் திறந்து வைத்தவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை நோர்வூட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த கண்டக்டர் என்னைக் கண்டதும் கையை நிறுத்தினார். "அக்கா, பார் மாணிக்கம் அண்ணன் விடியக்காலம் போயிட்டாராம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வந்த வழியே நடந்தேன். நடந்துகொண்டே அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

பார் மாணிக்கம் என்றால், அவரை அறியாதவர்கள் பெரிய குடிகாரர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் எங்கள் பஸாரில் இருந்த மதுச்சாலையின் மனேஜர். இருபது வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்தும் ஒரு சொட்டு வாயில் வைத்தவரில்லை. யாராவது கேட்டால், "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திங்கிறத எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்பார்.

பௌர்ணமியான போயா நாளில் நாடு முழுக்க மதுக்கடைகளை மூட வேண்டும் என்பது சட்டம். மற்ற மனேஜர்மார் அன்றைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். மாணிக்கம் அண்ணனுக்கோ பின்கூடத்தில் நாற்பது நாற்காலிகள் சும்மா கிடப்பது கண்ணை உறுத்தியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு போயா மதியம், கவிதை எழுதுகிற நாலைந்து சிநேகிதர்களைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைத்தார். கோயிலில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கிப் பெட்டியும் இரவல் வாங்கினார். அடுத்த போயாவுக்கு வட்டவளையிலிருந்தும் ஆள் வந்தது. அப்படியே மாதாமாதம் நடக்கத் தொடங்கியது. மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால், மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும். குடிக்க வெறும் தேத்தண்ணிதான்.

சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும், எழுதியவரே வாசிக்க வேண்டும், மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவுதான் அவருடைய சட்டம். நேரம் முடிந்தால் போத்தல் திறப்பானால் வெறும் போத்தலில் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகு கம்பனே வந்தாலும் இறங்க வேண்டியதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பாடசாலையில் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் நீண்ட கவிதை எழுதுவார். ஒரு நாள் தட்டு விழுந்ததும் அவர், "தம்பி, முக்கியமான இடம் இனித்தான் வருது" என்றார். "முக்கியமானத முதல்லயே சொல்லியிருக்கணும் மாஸ்டர்" என்றார் அண்ணன். மாஸ்டர் ஒரு மாதம் கோபித்துக்கொண்டு, அடுத்த போயாவுக்கு ஒன்றரை நிமிடக் கவிதையோடு வந்தார். அதுதான் அவர் எழுதியவற்றில் சிறந்தது என்று இன்றும் சொல்வேன்.

பாருக்கு ஒட்டினாற்போல் ஹாஜியாரின் துணிக்கடை இருந்தது. அதன் பின்னறையில்தான் நான் தையல் வேலை பார்த்தேன். இடையில் ஒரே சுவர். ஹாஜியாருக்குக் கவிதை என்றால் உயிர், ஆனால் மதுச்சாலை வாசற்படியை மிதிக்க மாட்டார். "மாணிக்கம், எனக்கு அங்க வர ஏலா. சத்தத்த இங்கிட்டு அனுப்பு" என்று கேட்டார். அண்ணன் சுவரின் மேலிருந்த காற்றுத் துவாரம் வழியாக வயரை இழுத்து, எங்கள் பின்னறையில் இன்னொரு பெட்டியை மாட்டிவிட்டார். அப்படித்தான் எனக்கும் கவிதை கேட்கக் கிடைத்தது.

கேட்டுக் கேட்டு நானும் எழுதினேன். துணி வெட்ட அளவு கீறும் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிய ஒன்றை, யாராவது வாசிக்கட்டும் என்று ஹாஜியாரிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அண்ணன் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, நல்லாருக்கு. ஆனா எழுதின ஆளுதான் வாசிக்கணும்."

"பாருக்குள்ள நான் எப்பிடிங்கண்ணே வாறது? எங்க அண்ணன் வீட்ட விட்டே அனுப்பிருவாரு."

அது பேச்சுக்குச் சொன்னதல்ல. அப்பாவும் அம்மாவும் இல்லாத எனக்கு, கூடப்பிறந்த அண்ணனுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொடுத்திருந்த ஒற்றை அறை லயக்காம்பராவை விட்டால் தலைசாய்க்க வேறு இடம் கிடையாது. பாருக்குள் கால் வைத்தால் அந்தக் காலோடு அப்படியே போய்விட வேண்டும் என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார். கலியாணமாகாத பெண் பாருக்குள் போனாள் என்ற பேச்சு பஸாரிலிருந்து தோட்டத்துக்குப் போய்ச்சேர பஸ் தேவையில்லை.

மாணிக்கம் அண்ணன் வாதாடவில்லை. சட்டத்தைத் தளர்த்தவும் இல்லை. அடுத்த போயா மதியம் காற்றுத் துவாரம் வழியாக ஒலிவாங்கியே இறங்கி வந்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் கைதட்டினார்கள். எட்டு மாதம் அப்படியே போயிற்று. துணி வாங்க வந்த பெண்கள் இரண்டு மூன்று பேரும் என்னோடு உட்கார ஆரம்பித்தார்கள். யார் அந்தப் பெண் என்று பாரில் எத்தனை பேர் கேட்டும் அண்ணன் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாதம், நான் பாதிக் கவிதையில் இருக்கும்போது பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

அவர்கள் கண்ட காட்சியை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. போயா நாளில் மூடிய பார். உள்ளே ஐம்பது தமிழர்கள். வழக்கமான தேத்தண்ணிக் கோப்பைகள் போதாமல், அன்றைக்கென்று பார்த்து அண்ணன் சாராயக் கிளாஸ்களில் பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளே இல்லாமல் ஒரு பெட்டி தமிழில் பேசிக்கொண்டிருந்தது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் நாங்கள் அடையாள அட்டை இல்லாமல் கிணற்றடிக்கே போகமாட்டோம். அன்று சுவருக்கு இந்தப்பக்கம் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி ஒரு கிளாஸை மோந்து பார்த்து வைத்துவிட்டார். பெட்டியை விடவில்லை. யார் பேசுவது, எங்கிருந்து பேசுவது என்று சிங்களத்தில் கேட்டார். "கவி, சேர், கவி" என்றார் அண்ணன். கவி என்றால் அவர்கள் பாஷையிலும் கவிதைதான். "கவி சரி, யாருடைய கவி?" என்றார் அதிகாரி. அண்ணன் மறுபடியும், "கவி, சேர்" என்றார். அப்படியானால் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வா என்று சொன்னது சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. அந்த நாட்களில் ஸ்டேஷனுக்குப் போன தமிழன் எப்போது திரும்புவான் என்று யாரும் சொல்ல முடியாது. என் பெயரைச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்தக் கணமே விடுதலை. அவர் சொல்லவில்லை.

ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டேன். ஹாஜியார் என் முகத்தைப் பார்த்தார். "தனியாப் போகாத மகள், நானும் வாறேன்" என்று தொப்பியைச் சரிசெய்தார். இரண்டு பேருமாக, நடு பஸாரில் எல்லோரும் பார்க்க, முன்வாசல் வழியாகப் பாருக்குள் நுழைந்தோம். அந்த மனிதரும் அன்றைக்குத்தான் முதல் தடவை அந்தப் படியை மிதித்தார்.

"நான்தான் வாசிச்சேன்" என்றேன். முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். எந்தத் தோட்டத்துச் சட்டை தைக்க வந்தாலும் முதுகில்தான் கிழிந்திருக்கிறது, கொழுந்துக் கூடை உரசும் இடம், நான் ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறேன், அடுத்த மாதமும் அதே இடம் கிழிந்து வருகிறது என்று போகும் சின்னக் கவிதை அது. அண்ணன் வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னார். தன் சிங்களத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த நெருக்கடியிலும் ஒரு சொல்லை நிறுத்தித் திருத்திச் சொன்னார். அதிகாரி கடைசி வரை கேட்டார். பிறகு, "கதவை மூடிக்கொண்டு செய்யாதே. திறந்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மாணிக்கம் அண்ணன் என்னோடு எங்கள் லயத்துக்கு வந்தார். வாசலில் நின்ற என் அண்ணனிடம், "தம்பி, உங்க தங்கச்சி இன்னிக்கி பாருக்குள்ள வந்திச்சு. என்னைய ஜீப்புல ஏத்தாம காப்பாத்த வந்திச்சு. திட்டணும்னா என்னையத் திட்டுங்க" என்றார். என் அண்ணன் யாரையும் திட்டவில்லை, வீட்டை விட்டு அனுப்பவும் இல்லை. அடுத்த போயாவுக்கு, திறந்திருந்த கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது போயாவுக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த பெண்களுக்குச் சுவரும் வயரும் தேவைப்படவில்லை. பாரின் உரிமை கைமாறும் வரை, ஏறக்குறைய பத்து வருடம் அந்தக் கதவு போயாதோறும் திறந்திருந்தது.

அஞ்சலி எழுதுகிறேன் என்பதற்காக அவருக்கு இறக்கை கட்டிவிட மாட்டேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஒலிவாங்கி நீட்டியவர், தன் மனைவி செல்லம்மா அக்காவை ஒரு நாளும் அழைத்து வந்ததில்லை. போன வருடம் முகத்துக்கு நேரே கேட்டேன். "அவ வரமாட்டான்னு நெனச்சிட்டேன் தங்கச்சி. கேட்டதே இல்ல. அது தப்புத்தான்" என்றார்.

புதன்கிழமை மதியம் அடக்கம். தப்பு மேளச் சத்தத்தோடு ஊர்வலம் போனது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் திருப்பத்தில் பெரியவர் ஒருவர், "பொம்பளைங்க இதோட நின்னுக்குங்க" என்றார். எங்கள் வழக்கம் அதுதான். நான் நிற்கவில்லை. புதைகுழி வரை போய், அவருக்கென்று எழுதியதை வாசித்தேன். யாரும் தடுக்கவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினால், திருப்பத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் செல்லம்மா அக்கா.

"எனக்கு எழுதத் தெரியாது" என்றார் அவர். "சொல்றேன், கேளுங்க."

மண்வெட்டியை எடுத்தவர்கள் கீழே வைத்தார்கள். போய் வாருங்கள் அண்ணன். நீங்கள் கேட்காமல் விட்டதை அக்கா சொல்லத் தொடங்கினார். மூன்று நிமிடத்தில் அவர் முடிக்கவில்லை.