மாரியம்மன் கோயில் மணியும் வைப்பர் மோட்டாரும்

அக்கா காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகிறது. அவளை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது நான் செய்த ஒரு தப்புதான்.

அடி அண்ணாமலையில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பெரியப்பாதான் பூசாரி. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் மணிக்கயிறு என்று தனியாளாகத் திண்டாடுவார். பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படித்த அக்கா, பழைய லாரியின் வைப்பர் மோட்டாரைக் கயிற்றோடு கட்டி, நேரத்துக்கு மணி அடிக்க ஒரு குட்டி கன்ட்ரோலர் போர்டு வைத்தாள். மணி நன்றாக அடிக்கும். அடித்து நிற்கிற நேரத்தில் போர்டு செத்துப்போகும். இப்படி இரண்டு போர்டு போயிற்று.

"ஆத்தாளுக்குப் புடிக்கல போல" என்றார் பெரியப்பா.

அப்பா வேறு மாதிரி. "வர்ற வெள்ளிக்கிழமையும் பொகஞ்சுதுன்னா படிச்சது போதும். தையல் கிளாஸுக்குப் போ."

மூன்றாவது போர்டு வைத்தபோது, மோட்டாரின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே கரண்டை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஒரு கறுப்பு டயோடைத் திருகி வைத்தாள். நெல்மணி அளவுதான் இருக்கும். அதன் ஒரு முனையில் வெள்ளைக் கோடு. கோடு சிவப்பு ஒயர் பக்கம் இருந்தது. அவள் ரேடியோ ரிப்பேர் செய்தபோது கோடு போட்ட பக்கம் கறுப்பு ஒயருக்குப் போனதை நான் பார்த்திருந்தேன். அக்கா அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டாள், இனி அவள் படிப்பு என் கையில்தான் என்று ஒன்பது வயதில் முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரும் இல்லாதபோது திருப்பிப் போட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடிக்கவில்லை. போர்டு இருந்த டப்பாவிலிருந்து புகைதான் வந்தது.

"தையல் மெஷினுக்கு எண்ணெ வாங்கியாந்துடவா?" என்றார் அப்பா.

அக்கா டப்பாவைத் திறந்தாள். டயோடைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்பாவின் கை எவ்வளவு வேகமாக வரும் என்று எனக்குத் தெரியும்.

"நாந்தான்ப்பா மாத்திப் போட்டுட்டேன்" என்றாள் அக்கா. "பத்து நிமிஷம் குடு. பெரியப்பா, கற்பூரத்தக் கொஞ்சம் மெதுவா ஏத்துங்க."

"நான் மெதுவா ஏத்துறேம்மா, ஜனம் நிக்கணுமே!"

கருகியதையெல்லாம் மாற்றி, கோட்டைச் சிவப்பு ஒயர் பக்கம் வைத்தாள். மணி அடித்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்கா மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நின்றது. போர்டின் பச்சை விளக்கு அணையவில்லை.

"இன்னொரு தபா அடிக்கட்டும், அப்ப நம்புறேன்" என்றார் அப்பா.

அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"ஜாஸ்தி அடிக்க வெக்காத, மணி தேஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார். தையல் பேச்சு அதோடு போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா, "இங்க பாரு பாப்பா, மோட்டார் ஓடும்போது அந்த டயோடு சும்மாதான் கெடக்கும். நிக்கும்போது உள்ள இருக்கிற கரண்டு எகிறி போர்டு மேல பாயும். அத இது தன் வழியா சுத்தவிட்டு அடக்கிடும். அதனாலதான் தலைகீழா வெக்கிறது" என்றாள்.

எட்டாவதோடு நின்ற நான் இப்போது கீழ்பென்னாத்தூர் பக்கம் பம்புசெட் போர்டுகளைச் சரிசெய்கிறேன். நல்லாத்தான் போகிறது. ஆனால் அன்றைக்கு அவள் ஏன் எனக்கு அதைச் சொல்கிறாள் என்றுகூட நான் யோசிக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் குதித்துக் குதித்து வந்தேன்.